ஸ்காட்லாந்தில் தனியார் வாகன நிறுத்தக் கட்டணச்சீட்டு

தனியார் வாகன நிறுத்தக் கட்டணச்சீட்டு என்பது பேரங்காடி, வணிக வளாகம், அடுக்குமாடிக் குடியிருப்பு போன்ற தனியார் நிலங்களில் வண்டி நிறுத்தும் விதிகள் மீறப்பட்டதாகக் கூறி ஒரு நிறுவனம் அனுப்பும் பணக் கோரிக்கை ஆகும். இது அரசு விதிக்கும் அபராதம் அன்று; ஒப்பந்தத்தின் பேரில் கேட்கப்படும் கடன். ஐக்கிய இராச்சியத்துக்குள் ஸ்காட்லாந்துக்குத் தனிச் சட்ட முறைமை இருப்பதால், இங்கிலாந்திலும் வேல்சிலும் பொருந்தும் விதிகள் சில அங்கே பொருந்துவதில்லை. வண்டியை ஓட்டியவர் யார் என்று தெரியாதபோது, வண்டி யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவரிடம் கட்டணத்தை வசூலிக்கும் உரிமை ஸ்காட்லாந்தில் நிறுவனங்களுக்கு இல்லை என்பதே முதன்மையான வேறுபாடு.

இந்த வேறுபாட்டை வைத்து, "ஸ்காட்லாந்தில் இச்சீட்டுகள் செல்லாது" என்ற கருத்து பரவலாக உள்ளது. அது தவறு. ஓட்டியவர் யார் என்பது மெய்ப்பிக்கப்பட்டால் அவர் கட்டணம் செலுத்த வேண்டிவரும்.

அபராதமும் கட்டணமும்

உள்ளாட்சி மன்றங்கள் தெருக்களிலும் தங்கள் வாகன நிறுத்தங்களிலும் வழங்கும் சீட்டு சட்டப்படியான தண்டக் கட்டணம் ஆகும். அதற்கு வண்டியின் உரிமையாளரே பொறுப்பு. அதை எதிர்த்து மேல்முறையீடு செய்வதற்கு ஸ்காட்லாந்தின் முதல்நிலைத் தீர்ப்பாயம் உள்ளது. தனியார் சீட்டுக்கு இந்த ஏற்பாடு எதுவும் கிடையாது.

இரண்டு வகைச் சீட்டுகளும் ஆங்கிலத்தில் பிசிஎன் என்றே சுருக்கப்படுகின்றன, தோற்றத்திலும் ஒத்திருக்கின்றன. எனவே சீட்டு வந்தவுடன் அதை வழங்கியவர் உள்ளாட்சி மன்றமா, நிறுவனமா என்று பார்ப்பதே முதல் வேலை. கீழே கூறப்படுபவை தனியார் சீட்டுகளுக்கு மட்டுமே உரியவை.

ஒப்பந்தம் உருவாகும் விதம்

வாகன நிறுத்தத்தில் வைக்கப்பட்டுள்ள அறிவிப்புப் பலகை ஒரு முன்மொழிவாகக் கருதப்படுகிறது. அதைப் பார்த்த பிறகும் ஒருவர் வண்டியை நிறுத்தினால், பலகையில் உள்ள நிபந்தனைகளை அவர் ஏற்றுக்கொண்டதாகப் பொருள். பலகை கண்ணில் படும்படி இருந்ததா, படிக்கக்கூடிய அளவில் எழுதப்பட்டிருந்ததா என்பதே இங்கு எழும் வினா.

இந்த வினா வண்டிகளுக்கு முந்தியது. 1875-இல் பிரபுக்கள் அவை தீர்த்த எண்டர்சன் எதிர் ஸ்டீவன்சன் என்ற ஸ்காட்லாந்து வழக்கில், கப்பல் பயணச்சீட்டின் பின்புறம் அச்சிடப்பட்ட நிபந்தனை, அதைப் பார்க்காத பயணியைக் கட்டுப்படுத்தாது என்று முடிவானது. 1916-இல் தீர்க்கப்பட்ட வில்லியம்சன் வழக்கில், நிபந்தனை சீட்டின் முன்புறத்திலேயே இருந்தும் எழுத்து மிகச் சிறியதாக இருந்ததால் அது போதிய அறிவிப்பாக ஏற்கப்படவில்லை. இருட்டில் மறைந்த பலகை, மரக்கிளை மூடிய பலகை, கட்டணத் தொகையைப் பொடி எழுத்தில் கூறும் பலகை ஆகியவற்றுக்கு எதிரான வாதம் இந்தக் கோட்பாட்டின் மேல்தான் நிற்கிறது.

கட்டணத் தொகை மிகையானது என்ற வாதத்துக்கு இப்போது வலு குறைவு. 2015-இல் பார்க்கிங்ஐ எதிர் பீவிஸ் வழக்கில், இரண்டு மணிநேர இலவச நிறுத்தத்தை 56 நிமிடம் தாண்டியதற்குக் கேட்கப்பட்ட 85 பவுண்டு செல்லும் என்று ஐக்கிய இராச்சிய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இடம் சுழற்சியாகப் பலருக்கும் கிடைக்க வேண்டும் என்பதில் நிறுவனத்துக்கு நியாயமான அக்கறை உண்டு என்று அது கருதியது. அது இங்கிலாந்து வழக்கு என்றாலும் அதன் காரணங்களுக்கு ஸ்காட்லாந்திலும் எடை உண்டு.

ஓட்டியவரும் பதிவுப் பொறுப்பாளரும்

ஒப்பந்தம் நிறுவனத்துக்கும் வண்டியை நிறுத்தியவருக்கும் இடையிலானது. ஆனால் நிறுவனத்தின் கையில் இருப்பது பெரும்பாலும் பதிவெண் மட்டுமே. அதைக் கொண்டு, ஓட்டுநர் மற்றும் வாகன உரிம முகமையான டிவிஎல்ஏ-விடம் 2.50 பவுண்டு செலுத்தி, வண்டியின் பதிவுப் பொறுப்பாளரின் பெயரையும் முகவரியையும் பெறுகிறது. பதிவுப் பொறுப்பாளர் என்பவர் வண்டியை வைத்திருப்பவராக ஆவணத்தில் குறிக்கப்பட்டவர். அன்று வண்டியை ஓட்டியவர் அவரது மனைவியாகவோ மகனாகவோ நண்பராகவோ இருக்கலாம்.

இங்கிலாந்திலும் வேல்சிலும் 2012-ஆம் ஆண்டின் சுதந்திரப் பாதுகாப்புச் சட்டத்தின் நான்காம் அட்டவணை இந்த இடைவெளியை அடைத்தது. குறித்த காலத்துக்குள் முறையாக அறிவிப்பு அனுப்பியும் ஓட்டியவர் யார் என்று தெரியவராவிட்டால், பதிவுப் பொறுப்பாளரிடமே தொகையைக் கேட்கலாம். அந்த அட்டவணை ஸ்காட்லாந்துக்குப் பொருந்தாது. இதனால் ஸ்காட்லாந்தில்:

- ஓட்டியவர் யார் என்பதை மெய்ப்பிக்கும் சுமை நிறுவனத்தின் மேல் உள்ளது.
- நிறுவனம் கேட்டாலும் ஓட்டியவர் பெயரைத் தெரிவிக்க வேண்டும் என்ற சட்டக் கடமை பதிவுப் பொறுப்பாளருக்கு இல்லை.
- பொருந்தும் சட்டத்தை முடிவு செய்வது வண்டி நிறுத்தப்பட்ட இடம். கிளாஸ்கோவில் வாழ்பவர் இங்கிலாந்தின் கார்லைலில் நிறுத்தினால் 2012-ஆம் ஆண்டுச் சட்டம் பொருந்தும்.

பெயரைச் சொல்லாமல் இருப்பது வேறு, பொய் சொல்வது வேறு. ஓட்டியவரே "நான் ஓட்டவில்லை" என்று எழுதுவது நேர்மையற்றது. நீதிமன்றத்தில் உறுதிமொழி எடுத்து அவ்வாறு கூறுவது குற்றம். மேலும் இது உரிமையியல் வழக்கு. ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்க வேண்டியதில்லை. எது நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்பதே அளவுகோல். 1988-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் உரிமையியல் வழக்கில் இரண்டாவது சாட்சியும் தேவையில்லை.

டண்டீ வழக்கு, 2017

அனுமதி அட்டை தேவைப்படும் குடியிருப்புப் பகுதி ஒன்றில் ஒரு பெண் மீண்டும் மீண்டும் வண்டியை நிறுத்தினார். சீட்டுகள் சட்டப்படி செல்லாது என்று நம்பி எதையும் செலுத்தவில்லை. 2017-இல் டண்டீ ஷெரிப் நீதிமன்றம், அவர் பலகையை அறிந்தே நிறுத்தியதால் செல்லத்தக்க ஒப்பந்தம் உள்ளது என்று கூறி, ஏறத்தாழ 24,500 பவுண்டு செலுத்துமாறு தீர்ப்பளித்தது. ஓட்டியவர் யார் என்பது அங்கே சிக்கலாக இல்லை. ஒப்பந்தம் செல்லுமா என்பதே வழக்கு. ஒவ்வொரு சீட்டும் தனிக் கடன் என்பதால், ஒரே இடத்தில் தொடர்ந்து நிறுத்துபவருக்குத் தொகை இவ்வாறு பெருகுகிறது.

மறுப்புத் தெரிவித்தல்

பதிவு விவரங்களைப் பெற, நிறுவனம் பிரித்தானிய வாகன நிறுத்தச் சங்கம், பன்னாட்டு வாகன நிறுத்தச் சமூகம் என்ற இரு தொழில் அமைப்புகளில் ஒன்றில் உறுப்பினராக இருக்க வேண்டும். உறுப்பினர் முதலில் தானே முறையீட்டைக் கேட்க வேண்டும்; மறுத்தால் தனி முறையீட்டு அமைப்புக்கு வழிகாட்ட வேண்டும். முதல் சங்கத்துக்கு பாப்லா, இரண்டாவதற்கு ஐஏஎஸ் ஆகியவை அந்த அமைப்புகள். முறையீட்டுக்கான கடைசி நாள் சீட்டிலும் மறுப்புக் கடிதத்திலும் குறிக்கப்பட்டிருக்கும்.

முறையீட்டில் வழக்கமாக எடுத்துக்காட்டப்படும் காரணங்கள்:

- பலகை இல்லை, அல்லது படிக்க முடியாத நிலையில் இருந்தது.
- பணம் செலுத்தும் பொறி பழுதாகியிருந்தது, அல்லது பதிவெண்ணில் ஓர் எழுத்து தவறாகப் பதிவானது.
- வண்டி பழுது, உடல்நலக் குறைவு போன்ற காரணங்களால் நேரம் தாண்டியது.
- மாற்றுத்திறனாளிக்குக் கூடுதல் நேரம் தேவைப்பட்டது. நீல அட்டைத் திட்டம் தனியார் நிலத்தில் தானாகப் பொருந்தாது. ஆனால் 2010-ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்தின்படி நியாயமான மாற்றங்களைச் செய்யும் கடமை உண்டு.
- சீட்டு பதிவுப் பொறுப்பாளருக்கு அனுப்பப்பட்டுள்ளது. ஓட்டியவர் யார் என்பதற்குச் சான்று இல்லை.

கடைசிக் காரணத்தை நம்புவோர் பலர் முதல் கடிதத்திலேயே அதை இழந்துவிடுகின்றனர். "நான் பத்து நிமிடம்தான் நிறுத்தினேன்" என்ற ஒரு வரி, ஓட்டியவர் யார் என்ற கேள்விக்கு விடையாகிவிடுகிறது. பலகை, பொறி, ரசீது ஆகியவற்றின் படங்களை அன்றே எடுத்து வைப்பதும் பயன்தரும்.

கடன் வசூல் கடிதங்களும் நீதிமன்றமும்

செலுத்தாத சீட்டு பெரும்பாலும் கடன் வசூல் நிறுவனத்துக்குப் போகிறது. அந்த நிறுவனத்துக்குக் கடிதம் எழுதுவதைத் தவிர வேறு அதிகாரம் இல்லை. வீட்டுக்கு வந்து பொருள்களைக் கைப்பற்ற அதனால் முடியாது. ஸ்காட்லாந்தில் அத்தகைய நடவடிக்கை ஷெரிப் அலுவலர்களுக்கே உரியது. அதுவும் நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின்னரே.

ஷெரிப் நீதிமன்றத்திலிருந்து வரும் கோரிக்கைப் படிவம் அத்தகைய கடிதம் அன்று. 5,000 பவுண்டு வரையிலான கோரிக்கைகள் 2016 நவம்பர் முதல் "எளிய நடைமுறை" என்ற முறையில் விசாரிக்கப்படுகின்றன. வழக்குரைஞர் இல்லாமலும் வாதாடலாம். படிவத்துடன் வரும் கால அட்டவணையில் பதிலளிக்கக் கடைசி நாள் இருக்கும். அதற்குள் பதில் தராவிட்டால், ஓட்டியவர் யார் என்ற வாதம் எவ்வளவு வலுவானதாக இருந்தாலும் அதைக் கேட்காமலே எதிராகத் தீர்ப்பாகலாம். சிறு தொகை வழக்குகளில் தோற்றவர் தரவேண்டிய செலவுத்தொகைக்கு வரம்பு உண்டு. எதிர்வாதமே முன்வைக்காதவர் அந்தப் பாதுகாப்பையும் இழக்கக்கூடும்.

காலாவதி

ஒப்பந்தக் கடன் ஸ்காட்லாந்தில் 1973-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஐந்து ஆண்டுகளில் அற்றுப்போகிறது. இங்கிலாந்தில் வழக்குத் தொடர ஆறு ஆண்டுகள் உண்டு. இடையில் வழக்குத் தொடுக்கப்பட்டாலோ கடன் ஒப்புக்கொள்ளப்பட்டாலோ இந்தக் காலக் கணக்கு தடைபடும்.

சக்கரப் பூட்டு

தனியார் நிலத்தில் நிறுத்திய வண்டிக்குச் சக்கரப் பூட்டு போட்டுப் பணம் கேட்பது மிரட்டிப் பணம் பறித்தலும் திருட்டும் ஆகலாம் என்று 1992-இல் பிளாக் எதிர் கார்மைக்கேல் வழக்கில் ஸ்காட்லாந்தின் உயர் குற்றவியல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இங்கிலாந்திலும் வேல்சிலும் இத்தகைய தடை 2012-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலமே வந்தது.

சீர்திருத்த முயற்சிகள்

இங்கிலாந்து, வேல்சு, ஸ்காட்லாந்து மூன்றுக்கும் பொதுவான நடத்தை நெறி ஒன்றை அரசு வகுக்க 2019-ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. 2022 பிப்ரவரியில் வெளியான நெறி, நிறுவனங்கள் வழக்குத் தொடர்ந்ததை அடுத்து அதே ஆண்டு சூனில் திரும்பப் பெறப்பட்டது. 2024-இல் இரு தொழில் அமைப்புகளும் தாமே ஒரு பொது நெறியை வெளியிட்டன. இவற்றில் எதுவும் ஸ்காட்லாந்தில் பதிவுப் பொறுப்பாளரைக் கடனாளியாக்கவில்லை.