பிரசவத்துக்குத் தாய்வீடு வர்றீங்களா? தென்காசி, குற்றாலத்தில் அரசு மருத்துவ உதவி பெறுவது எப்படி?

வளைகாப்பு முடிஞ்சதும் தாய்வீடு. தென்காசி, குற்றாலம், செங்கோட்டை பக்கம் தலைப்பிரசவம்னா இன்னைக்கும் இதுதான் வழக்கம். ஆனால், அதுவரை பார்த்த டாக்டர், எடுத்த ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் புகுந்த ஊரோடு நின்றுவிடுகிறது. ஒன்பதாம் மாதத்தில் புது ஆஸ்பத்திரி என்றால் எங்கே தொடங்குவது?

முதல்ல அந்த 12 இலக்க எண்!

கர்ப்பம் உறுதியானதும் கிராம சுகாதார செவிலியரிடம் பதிவு செய்தால், விவரங்கள் 'பிக்மி' தளத்தில் ஏறி 12 இலக்க எண் கிடைக்கும். பிக்மி இணையதளத்தில் நாமே முன்பதிவும் செய்யலாம். தனியார் ஆஸ்பத்திரியில் பார்ப்பவர்களுக்கும் இது அவசியம். குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கு இந்த எண்ணைக் கேட்பார்கள்.

ஊர் மாறினாலும் எண் மாறாது. தாய்வீடு வந்ததும் இந்த எண்ணையும், பரிசோதனை விவரம் எழுதிய அட்டையையும் உள்ளூர் செவிலியரிடம் காட்ட வேண்டும். அவர் யாருன்னு தெரியலையா? பக்கத்து அங்கன்வாடியில் கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

ரூ.18,000 யாருக்கு?

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் ரூ.14,000 தவணைகளாகவும், ரூ.4,000 மதிப்பில் இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்களும் தரப்படுகின்றன. வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ள குடும்பங்களில், 19 வயது நிரம்பிய பெண்களுக்கு முதல் இரண்டு பிரசவங்களுக்கு இது கிடைக்கும்.

முக்கிய நிபந்தனை, 12 வாரத்துக்குள் பதிவு. இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். தென்காசி மாவட்டத்தில் பீடி சுற்றும் பெண்கள் அதிகம். ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றைய கூலி போச்சு என்று பதிவைத் தள்ளிப்போட்டால், உதவித்தொகைக்கே சிக்கல் வரும்.

எங்கே, எப்போ போகணும்?

வழக்கமான பரிசோதனைக்கு ஆரம்ப சுகாதார நிலையம். மாதந்தோறும் 9-ம் தேதி, பிரதமரின் பாதுகாப்பான தாய்மைத் திட்டத்தில் அரசு மருத்துவமனைகளில் டாக்டர்களே இலவசமாகப் பரிசோதிக்கிறார்கள். சிக்கலான கர்ப்பம் என்றால் தென்காசி அரசு தலைமை மருத்துவமனை. அதற்கும் மேல் சிகிச்சை தேவைப்பட்டால் நெல்லை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை.

அரசு மருத்துவமனையில் சிசேரியன், மருந்து, உணவு எல்லாமே இலவசம். தாயையும் சேயையும் வீட்டில் கொண்டு விடும் வண்டிக்கும் காசு கிடையாது.

இதெல்லாம் வந்தா காத்திருக்காதீங்க!

ரத்தப்போக்கு, தாங்க முடியாத தலைவலி, கண் மங்குவது, முகம், கை வீக்கம், வலிப்பு, பனிக்குடம் உடைவது, குழந்தையின் அசைவு குறைவது. இதில் ஒன்று இருந்தாலும் உடனே 108.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குற்றால சீசன். விடுமுறை நாட்களில் தென்காசி–குற்றாலம் சாலையில் நெரிசல் சகஜம். பிரசவத் தேதி இந்த மாதங்களில் வந்தால், எந்த மருத்துவமனை, எப்போது கிளம்புவது என்பதைச் செவிலியரிடம் முன்பே பேசி வைத்துக்கொள்ளலாம்.

அடுத்த குழந்தை இப்போ வேண்டாமா?

காப்பர்-டி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் 'அந்தரா' ஊசி, மாத்திரை, ஆணுறை ஆகியவை அரசு மருத்துவமனைகளில் இலவசம்.

கருக்கலைப்பு தேவைப்பட்டால், சட்டம் சொல்லும் காரணங்களுக்காக 20 வாரம் வரை ஒரு டாக்டரின் ஒப்புதல் போதும். 20 முதல் 24 வாரம் வரை, குறிப்பிட்ட பிரிவினருக்கு இரண்டு டாக்டர்களின் ஒப்புதல் வேண்டும். திருமணமாகாத பெண்களுக்கும் இந்த உரிமை உண்டு என்று 2022 செப்டம்பர் 29-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 18 வயது நிரம்பிய பெண்ணுக்கு அவரது சம்மதம் மட்டுமே தேவை. கணவர் கையெழுத்து சட்டப்படி அவசியமில்லை. டாக்டர் விவரங்களை ரகசியமாக வைத்திருக்க வேண்டும். மெடிக்கலில் மாத்திரை வாங்கித் தானே போட்டுக்கொள்வது உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

போனில் சேவ் பண்ணி வெச்சுக்கோங்க

ஆம்புலன்ஸ்: 108
மருத்துவ ஆலோசனை: 104
பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வு இருந்தால்: 14416
வீட்டில் வன்முறை என்றால்: 181