சூடு போட்டுக்கொண்ட பூனையா?

முன்னோர் வகுத்த வடிவத்தை எடுத்தாள்பவன் படைப்பாளியா, படியெடுப்பவனா என்னும் வினா இலக்கிய மாணவர்க்குப் புதிதன்று. உமறுப்புலவர் தமிழ்க் காப்பிய மரபைக் கைக்கொண்டு சீறாப்புராணம் பாடினார். குணங்குடி மஸ்தான் சாகிபு கண்ணி வடிவில் தம் உள்ளத்தைக் கொட்டினார். அவர்களைப் படியெடுத்தவர் என்று எவரும் சொல்வதில்லை. ஆனால் நம் மாணவர்கள் கைப்பேசியில் கேட்டு மகிழும் இசையைக் குறித்து இதே வினா எழும்போது, "புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதை" என்று பெரியோர் ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுகின்றனர். அத்தகைய பூனை ஒன்றன் வரலாற்றை இங்கே காண்போம். தற்செயலாக, அக்குழுவின் பெயரிலும் ஒரு பூனை உண்டு: 'பீட்டர் கேட் ரெக்கார்டிங் கோ.' என்னும் தில்லி இசைக்குழு அது.

இவர்தம் இசையைப் பழமை நாட்டமுடைய சைக்கடெலிக் பாப் என்னும் வகையோடு சேர்த்துப் பேசுவதுண்டு. சைக்கடெலிக் என்ற சொல்லை 1956ஆம் ஆண்டு ஹம்ப்ரி ஆஸ்மண்ட் என்னும் மனநல மருத்துவர், கிரேக்கச் சொற்கள் இரண்டை இணைத்து உருவாக்கினார். உள்ளத்தைத் திறந்து காட்டுவது என்பது அதன் பொருள். முதலில் சில மருந்துகளைக் குறித்த இச்சொல், 1960களின் நடுப்பகுதியில் இசைக்கும் உரியதாயிற்று. நீண்டொலிக்கும் எதிரொலி, ஒலிநாடாவைப் பின்னோக்கி ஓட்டிப் பெறும் விந்தை ஓசை, ஆர்கன், சித்தார் ஆகியவை அவ்விசையின் அடையாளங்கள். பீட்டில்ஸ் குழுவினர் 1965இல் தம் பாடலொன்றில் சித்தாரைச் சேர்த்தனர். 1968இல் ரிஷிகேசத்திற்கே வந்து தங்கினர். இவ்விசையோடு ஒட்டிவந்த போதைப் பழக்கம் பலரை அழித்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் கனவில் கேட்பது போன்ற அந்த ஒலியை அமைக்கப் போதை வேண்டுவதில்லை. பதிவுக் கருவியும் நுண்செவியும் பொறுமையும் போதும்.

இந்திய மண்ணுக்கும் இவ்வொலி முற்றிலும் அயலானதன்று. சிம்லா என்னும் சிகரெட்டை விற்பதற்காக நடத்தப்பெற்ற 'சிம்லா பீட்' போட்டியில் பல நகரங்களின் கல்லூரி இளைஞர்கள் கித்தாரும் ஆர்கனும் ஏந்தி மேடையேறினர். 1970, 1971 ஆகிய ஆண்டுகளின் போட்டிகள் இசைத்தட்டுகளாகவும் வெளிவந்தன. புகையிலை வணிகம் புரந்த கலை இது! அக்குழுக்களுள் பெரும்பாலானவை நிலைக்கவில்லை. இந்தித் திரையிசையோ 1971இல் ஆர்.டி. பர்மனின் கைவண்ணத்தால் இவ்வொலியைப் பட்டிதொட்டியெங்கும் கொண்டு சேர்த்தது.

அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் பயின்று திரும்பிய சூரியகாந்த் சாஹ்னி, 2009ஆம் ஆண்டளவில் தில்லியில் இக்குழுவை நிலைநிறுத்தினார். கரண் சிங், கார்த்திக் சுந்தரேசன் பிள்ளை, துருவ் போலா, ரோகித் குப்தா ஆகியோர் பின்னாளில் நிலைபெற்ற ஐவரணியின் ஏனையோர். சாஹ்னியின் குரல் அடங்கிய, குழைந்த ஆண்குரல். 1950களின் அமெரிக்கப் பாடகர் பிராங்க் சினாட்ராவை நினைவூட்டுவது என்பர். 2011இல் முதல் தொகுப்பான 'சினிமா' வெளிவந்தது. ஆங்கிலத்தில் அதன் எழுத்துக்களைச் சற்றே மாற்றி, பாவம் என்று பொருள்படும் சொல் முன்னே நிற்குமாறு அமைத்திருந்தனர். சிலேடையில் திளைக்கும் தமிழ் மாணவர்க்கு இது பிடிக்கும்.

இக்குழுவின் பாடல்களைக் கேட்போர்க்கு எங்கோ கேட்டது போன்ற மயக்கம் உண்டாகும். மூன்றன் நடையில் சுழலும் வால்ட்ஸ் தாளம், பழைய இந்திப் படத்தின் விடுதிக் காட்சியை நினைவூட்டும் ட்ரம்பெட், தேய்ந்த இசைத்தட்டில் கேட்பது போன்ற கலங்கிய ஒலி என யாவும் பழையன. எனினும் எந்தப் பாடலின் நகலென்று தேடினால் மூலம் அகப்படாது. பழமை இவர்க்குக் கருப்பொருளன்று, மொழி. நம் கருத்தில் இதுவே படியெடுப்பவனுக்கும் படைப்பாளிக்கும் இடையிலுள்ள கோடு.

திரைப்படத்தைச் சாராத இசைக்கு, அதுவும் ஆங்கிலப் பாடலுக்கு, நம் நாட்டில் சந்தை சிறிது. ஏறத்தாழப் பத்தாண்டுகள் உழைத்த பின்னரே, 2018இல் பாரிசு நகரத்து நிறுவனமொன்று இவர்தம் பழைய பாடல்களைத் தொகுத்து வெளியிட்டது. மறு ஆண்டு வந்த தொகுப்பின் பெயர் 'பிஸ்மில்லாஹ்'. உலகியல் பாடல்களுக்கு இப்பெயரா என்று நம் பெரியோர் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். அவ்வுணர்வை நாம் மதிக்கிறோம். ஆனால் வடநாட்டுப் பேச்சுவழக்கில் எச்செயலின் தொடக்கத்தையும் இச்சொல்லால் குறிப்பதுண்டு என்பதையும் கருதுதல் வேண்டும். இத்தொகுப்பிலுள்ள ஒரு பாடலின் காட்சிப்படம் சாஹ்னியின் திருமணத்தில் எடுத்த காட்சிகளைக் கொண்டே அமைந்தது. நடிப்பு அதிகம் தேவைப்படாத படம் அது.

அவர் இந்தியில் தனித்துப் பாடும்போது சூடிக்கொள்ளும் பெயர் 'லிஃபாஃபா'. அஞ்சல் உறை என்பது அதன் பொருள். கஃபன் துணியின் மேற்சுற்றுக்கும் அப்பெயர் வழங்குவதை அறிந்த நமக்கு அச்சொல் வேறுவகையாகவும் ஒலிக்கிறது. இந்தியில் பாடும் அவர் குரலில் ஆங்கிலப் பாடல்களில் இல்லாத நெருக்கம் உண்டு என்பது நம் துணிபு. மாறுபடுவோர் மாறுபடலாம்.

இவர்கள் பழமையை ஆள முடிந்தமைக்கு ஒரு காரணம், அப்பழமை இசைத்தட்டுகளில் காக்கப்பட்டிருந்ததே. நம் தகடூரின் நிலை வேறு. அதியமான் மீது நிகழ்ந்த போரைப் பாடிய தகடூர் யாத்திரை முழுநூலாகக் கிட்டவில்லை. புறத்திரட்டு முதலியவற்றில் எஞ்சிய செய்யுட்களே நமக்குள. தருமபுரி வட்டாரத் தெருக்கூத்தில் விடியவிடிய ஒலித்த முகவீணையும் பின்பாட்டும் எத்தனை பதிவாயின? கையில் பதிவுக் கருவியோடு கூத்துக்களத்தில் அமரும் மாணவர் நம் துறையிலிருந்தே புறப்படலாம். நாளை ஓர் இளைஞர் அவ்வொலியை எடுத்தாள விரும்பினால், கேட்பதற்கு ஏதேனும் இருக்க வேண்டுமே!

2024 ஆகஸ்டில் இக்குழு வெளியிட்ட தொகுப்பின் பெயர் 'பீட்டா'. அதன் ஆங்கில எழுத்துக்களை இந்திச் சொல்லாகப் படித்தால் பிள்ளையை அழைக்கும் 'பேட்டா' ஆகும். கணினித் துறையினர்க்கோ அது முழுமை பெறாத வெள்ளோட்டப் பதிப்பு. பதினைந்து ஆண்டுகள் பாடிய பிறகு இவர்கள் தம் தொகுப்புக்கு இட்ட பெயர் அது.