பழைய குறிப்பும் பறந்த ராக்கெட்டும்

சென்ற ஆண்டின் கால அட்டவணை இவ்வாண்டும் வகுப்பறைச் சுவரில் தொங்கினால் என்ன ஆகும்? கணக்குப் பாடவேளையில் வரலாற்று நூலை விரித்து வைத்திருப்போம். நமக்கு அது சிரிப்பு. கணிப்பொறி உலகிலோ பெரும் இழப்பு.

கணிப்பொறிக்கு நாம் எழுதித் தரும் கட்டளைத் தொடரே புரோகிராம். அது இயங்கும்போது எதிர்பாராத இடையூறு நேர்வதுண்டு. பூச்சியத்தால் வகுக்கச் சொல்வது ஓர் எடுத்துக்காட்டு. இதனை 'எக்ஸெப்ஷன்' என்பர். அது நேர்ந்தால் என்ன செய்வதென்று முன்கூட்டியே எழுதி வைத்தல் வேண்டும். இன்றேல் புரோகிராம் நின்றுவிடும். இடையூறு எழுந்த இடத்தைக் காட்டித் தரும் கருவி 'டிபக்கர்'. அக்கருவியின் உதவிக் குறிப்பு புதுப்பிக்கப்படாமல் இருந்தால், பிழையைத் தேடுபவர் தவறான இடத்திலேயே தேடிக்கொண்டிருப்பார்.

காலங்கடந்த கணிப்பு என்ன செய்யும் என்பதற்கு ஓர் உண்மை நிகழ்ச்சி உண்டு.

1996 ஜூன் 4 அன்று, தென் அமெரிக்காவின் பிரெஞ்சு கயானாவிலுள்ள கூரூ தளத்திலிருந்து ஐரோப்பாவின் 'ஏரியான் 5' ராக்கெட், 4 'கிளஸ்டர்' விண்கலங்களுடன் முதன்முதலாகப் புறப்பட்டது. சுமார் 40 நொடிகளில் வானிலேயே சிதறியது!

காரணம் என்ன? ராக்கெட்டின் நிலையறியும் கணிப்பொறிக்குரிய புரோகிராம், முந்தைய ஏரியான் 4 இலிருந்து எடுக்கப்பட்டது. அதில் எண்களை 16 பிட் இடத்தில் அடக்க வேண்டியிருந்தது. அவ்விடம் 32,767 வரைதான் கொள்ளும். இடருக்குரிய 7 எண்களுள் 4க்கே காப்பு எழுதியிருந்தனர். மற்ற 3உம் வரம்பு மீறா என்பது அன்றைய கணிப்பு. ஏரியான் 4க்கு அது சரியே. ஏரியான் 5இன் கிடைவேகமோ மிகுதி. எண் வரம்பை மீறியது, எக்ஸெப்ஷன் எழுந்தது, கையாளக் கட்டளை இல்லை. இரு கணிப்பொறிகளிலும் ஒரே புரோகிராம் இருந்தமையால் இரண்டும் நின்றன. நின்றது அனுப்பிய பிழைச் செய்தியைப் பயணச் செய்தியென்று தலைமைக் கணிப்பொறி எண்ண, ராக்கெட் திசைமாறிச் சிதறியது.

இதில் வேதனை யாதெனில், புறப்பட்ட பின் அப்பகுதி ஏரியான் 5க்குத் தேவையே இல்லை. மூன்று எண்களுக்குக் காப்பு ஏன் விடப்பட்டது என்ற விளக்கமும் புரோகிராமில் நேரடியாகக் குறிக்கப்படவில்லை என்று விசாரணைக் குழு கண்டது. மீண்டும் உருவாக்கிய 4 விண்கலங்கள் 2000ஆம் ஆண்டில்தான் விண்ணேறின.

தோழியரே! ஆய்வுக்கூடக் குறிப்பேடாயினும், மருந்துப் புட்டியின் சீட்டாயினும், உள்ளிருப்பது மாறும்போது எழுத்தையும் மாற்றுவோம். நாளை அதைப் படிப்பவர் நம்மைக் கேட்க இயலாது. நம் எழுத்தை மட்டுமே நம்புவார்.