கரமடியில் ஒரு பெரிய மீன்

திருவனந்தபுரத்துக் கடற்கரையில் கரமடி இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். கோவளம், சங்குமுகம், பூவாறு, அஞ்சுதெங்கு என்று பல ஊர்களில் இந்தத் தொழில் உண்டு. ஒரு வள்ளம் கயிற்றின் ஒரு நுனியைக் கரையில் கொடுத்துவிட்டுக் கடலுக்குள் போகும். வளைந்து சுற்றி வலையைப் போடும். மறு நுனியோடு கொஞ்சம் தள்ளிக் கரை சேரும். அப்புறம் இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று இழுப்பார்கள். கை காய்த்துப் போகும். கடைசியில் வலையின் மடி கரைக்கு வரும். நெத்திலி இருக்கும், சாளை இருக்கும். சில நாள் கூலிக்குக்கூடக் காணாது.

எப்போதாவது ஒரு நாள் கயிறு மிகவும் கனக்கும். நல்ல பாடு என்று எல்லோரும் மகிழ்வார்கள். மடி பக்கத்தில் வந்ததும்தான் தெரியும். உள்ளே ஒரு பெரிய மீன் புரளும். அதன் முதுகெல்லாம் வெள்ளைப் புள்ளி. அதுதான் திமிங்கலச் சுறா.

பெயரில் திமிங்கலம் இருக்கிறது. ஆனால் இது திமிங்கலம் அல்ல, மீன்தான். திமிங்கலம் குட்டிக்குப் பால் கொடுக்கும். மூச்சு விட மேலே வரும். திமிங்கலச் சுறா செவுளால் மூச்சு விடுகிறது. உலகில் உள்ள மீன்களில் இதுவே மிகப் பெரியது. நன்றாக வளர்ந்தது ஒரு பஸ்ஸை விட நீளமாக இருக்கும். எடை பத்து டன்னுக்கும் மேல்.

சுறா என்றதும் பயப்பட வேண்டாம். இது ஆளைக் கடிக்காது. இதன் வாய் நாலு அடி அகலத்துக்கு மேல் இருக்கும். வாயில் ஏறக்குறைய மூவாயிரம் பல் உண்டு. ஆனால் ஒவ்வொன்றும் கடுகு மாதிரி. அந்தப் பல்லால் எதையும் கடிக்க முடியாது. வாயைத் திறந்து தண்ணீரை உறிஞ்சும். தண்ணீர் செவுள் வழியாக வெளியே போய்விடும். நுண்ணிய உயிர்களும் பொடி மீனும் உள்ளே தங்கிவிடும். இதுதான் அதன் சாப்பாடு. பொடி மீனைத் தேடித்தான் கரைப் பக்கம் வருகிறது. கரமடி போடுகிறவரும் அதே பொடி மீனைத்தான் தேடுகிறார். இரண்டு பேருக்கும் தேவை ஒன்று. அதனால்தான் வலையில் சிக்குகிறது.

முன்பு இந்த மீனுக்கு நம் நாட்டில் பாதுகாப்பு இல்லை. குஜராத்தில் வெராவல் பக்கத்துக் கடற்கரையில் இதை வேட்டையாடினார்கள். ஈரல் எண்ணெயை மரப் படகில் பூசினார்கள். படகு தண்ணீரில் இற்றுப் போகாமல் இருக்கும். 1990களில் இறைச்சியும் துடுப்பும் வெளிநாட்டுக்குப் போயின. வேட்டை பெருகியது. நூற்றுக்கணக்கான மீன்கள் செத்தன. மைக் பாண்டே என்பவர் இதைப் படமாக எடுத்தார். 2000இல் வந்த அந்தப் படம் உலகத்தின் கண்ணைத் திறந்தது. 2001 மே மாதம் மத்திய அரசு இந்த மீனை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தது. புலிக்கும் யானைக்கும் உள்ள அதே பாதுகாப்பு இதற்கும் கிடைத்தது. இதைப் பிடித்தாலோ விற்றாலோ மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை.

சட்டம் வந்துவிட்டது. ஆனால் நடுக் கடலில் சட்டத்தை யார் போய்ச் சொல்வது?

2004இல் இந்திய வனவிலங்கு அறக்கட்டளை என்ற அமைப்பும் குஜராத் வனத்துறையும் சேர்ந்து ஊர் ஊராகப் போனார்கள். தெரு நாடகம் போட்டார்கள். காற்று அடைத்த பெரிய பொம்மைச் சுறாவைக் கொண்டுபோய்க் காட்டினார்கள். மொராரி பாபு என்ற ராமாயணக் கதை சொல்லும் பெரியவர் முன் வந்தார். இந்த மீன் பிரசவத்துக்குத் தாய் வீடு வரும் மகளைப் போன்றது என்றார். மகளை யாராவது கொல்வார்களா? அதற்கு 'வாலி' என்று பெயர் வைத்தார்கள். குஜராத்தி மொழியில் அன்பானவள் என்று பொருள். (ராமாயணத்து வாலி வேறு.) அதன் பிறகு மீனவர்கள் தாங்களே வலையை அறுத்து மீனை விட்டார்கள். கிழிந்த வலைக்கு அரசு ஈட்டுத் தொகை கொடுத்தது. இதுவரை 900க்கும் மேற்பட்ட மீன்கள் குஜராத் கடலில் உயிர் பிழைத்துள்ளன. கேரளக் கரையிலும் இதே வேலை நடந்து வருகிறது. திருவனந்தபுரம் கரையில் கரமடியில் சிக்கிய சில மீன்கள் திரும்பக் கடலுக்குப் போயிருக்கின்றன. கரை ஏறிச் செத்ததும் உண்டு.

ஏன் சாகிறது? தண்ணீரில் இருக்கும்போது அதன் எடையைத் தண்ணீர் தாங்குகிறது. மணலில் ஏறிவிட்டால் அதன் எடையே அதை நசுக்கும். செவுளுக்குத் தண்ணீர் கிடைக்காது. ஆகவே எல்லாம் சில நிமிடத்தில் முடிவாகிறது. மீன் தண்ணீரில் மிதக்கும்போதே கயிறு இழுப்பதை நிறுத்த வேண்டும். வலையின் ஒரு பக்கத்தைத் தாழ்த்தினால் சில சமயம் அதுவே வெளியே போய்விடும். போகாவிட்டால் வலையை அறுக்கத்தான் வேண்டும். வாலில் கயிறு கட்டிப் பின்னோக்கி இழுக்கக் கூடாது. அப்படி இழுத்தால் செவுளில் தண்ணீர் தலைகீழாகப் போகும். செவுளையோ துடுப்பையோ பிடித்து இழுப்பதும் தப்பு. வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் அதன் முதுகில் ஏறி நின்று படம் எடுப்பதை என்ன சொல்வது! படம் எடுக்கத்தான் வேண்டுமென்றால் தள்ளி நின்று பக்கவாட்டில் எடுங்கள். அந்தப் படம் உதவும். நம் கைரேகையைப் போல ஒவ்வொரு மீனுக்கும் புள்ளி வேறு. புள்ளியை வைத்து அதே மீன் வேறு எந்தக் கடலில் தென்பட்டது என்று ஆய்வாளர்கள் கண்டுபிடிக்கிறார்கள்.

வலையை அறுப்பது சின்ன விஷயம் அல்ல. அன்றைய மீன் போய்விடும். வலை தைக்க நாள் ஆகும். கயிறு இழுத்தவர் வெறுங்கையோடு வீட்டுக்குப் போவார். நட்டத்தை அவர் தலையில் மட்டும் கட்டுவது நியாயம் இல்லை. அதனால் கிழிந்த வலையையும் படம் எடுத்து வைத்துக்கொண்டு வனத்துறைக்கும் மீன்வளத் துறைக்கும் சொல்ல வேண்டும். எழுதத் தெரிந்த ஒருவர் கூட இருந்தால் நல்லது. மனு எழுதிக் கொடுக்கலாம்.

ஒரு மீனுக்கு இத்தனை பாடா என்று கேட்கலாம். ஏறக்குறைய 75 ஆண்டில் இந்த மீன் உலகத்தில் பாதிக்கும் மேல் குறைந்துவிட்டது என்று 2016இல் கணக்கிட்டார்கள். குட்டி போடும் பருவம் வரவே இதற்கு 25, 30 ஆண்டு ஆகும். நாம் ஒரு நாளில் கொன்றதைக் கடல் ஒரு தலைமுறையில்தான் திருப்பித் தரும்.

கடலுக்குப் போகாதவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. திருவனந்தபுரம் நகரத்துக்குள் ஆமையிழஞ்சான் தோடு ஓடுகிறது. பெயரிலேயே ஆமை இருக்கிறது. இன்று அதில் பிளாஸ்டிக் பையும் பாட்டிலும்தான் மிதக்கின்றன. 2024 ஜூலையில் ரயில் நிலையத்துக்கு அடியில் அந்தத் தோட்டைச் சுத்தம் செய்ய இறங்கிய தொழிலாளி ஒருவர் உயிரிழந்தார். அந்தத் தண்ணீர் ஆக்குளம் காயலுக்குப் போகிறது. அங்கிருந்து வேளி. வேளியில் பொழி திறந்தால் கடல். சாலைக் கடைத்தெருவில் ஒருவர் வீசிய பை, கரமடி போடும் கடலுக்கே போய்ச் சேரலாம். வாயைத் திறந்து தண்ணீர் உறிஞ்சும் மீனுக்கு நெத்திலி எது, பை எது என்று பிரிக்கத் தெரியாது. கடைக்குப் போகும்போது வீட்டிலிருந்து துணிப் பை எடுத்துப் போனால் ஒரு பை குறையும். கிழிந்த வலைத் துண்டைக் கடலில் வீசாமல் கரைக்குக் கொண்டுவந்தால் ஓர் ஆமையோ சுறாவோ அதில் மாட்டாது.

வடக்கே கொல்லம் மாவட்டத்தில் நீண்டகரை மீன்பிடித் துறைமுகம் இருக்கிறது. அங்கே படகுக்காரர்கள் வலையில் வரும் பிளாஸ்டிக்கைத் திரும்பக் கடலில் எறிந்துவிடுவார்கள். 2017இல் 'சுசித்வ சாகரம்' என்ற திட்டம் தொடங்கியது. சுத்தமான கடல் என்று பொருள். படகுக்கு ஒரு பை கொடுத்தார்கள். மீன் ஒரு பக்கம், குப்பை ஒரு பக்கம் என்று கரைக்கு வந்தது. பெண்கள் அதைக் கழுவித் தரம் பிரித்தார்கள். இயந்திரத்தில் போட்டுத் துண்டு துண்டாக வெட்டினார்கள். அந்தத் துண்டுகளைத் தாரோடு கலந்து சாலை போட்டார்கள்.