மைனஸ் 20 டிகிரி குளிர் மைனஸ் 33 ஆவது எப்படி? திருப்பூர் பனியன் அங்கே தாங்குமா?

கனடா, அமெரிக்கா கிளம்பும் பிள்ளைகளின் பெட்டியில் காதர்பேட்டையில் வாங்கிய அரை டஜன் காட்டன் பனியன் எப்படியும் இருக்கும். ஆனால் ஜனவரியில் அங்கே வானிலை அறிக்கை இரண்டு எண்களைச் சொல்லும். ஒன்று வெப்பநிலை, இன்னொன்று 'விண்ட் சில்'. வெளியே போகிறவர் கவனிக்க வேண்டியது இரண்டாவது எண்ணைத்தான்.

விண்ட் சில் என்றால் என்ன?

நம் தோலை ஒட்டி வெதுவெதுப்பான காற்று மெல்லிய படலமாக இருக்கும். காற்று வீசினால் அது கலைந்து, உடம்புச் சூடு வேகமாக வெளியேறும். மார்கழி காலையில் பைக்கை ஓட்டும்போது மட்டும் கை விறைக்குதே, அதேதான். மைனஸ் 20 டிகிரியில் 30 கி.மீ. வேகக் காற்று வீசினால், உடம்புக்கு அது மைனஸ் 33 மாதிரி.

எவ்வளவு ஆபத்து?

மைனஸ் 28-ஐத் தாண்டினால் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்தில் உறையலாம். மைனஸ் 40-ஐத் தாண்டினால் 5 முதல் 10 நிமிடம்தான். வட துருவக் குளிர் காற்று தெற்கே இறங்கிய 2019 ஜனவரி 30-ல் சிகாகோவில் வெப்பநிலை சுமார் மைனஸ் 31. விண்ட் சில் மைனஸ் 47. 2022 ஜனவரி 19-ல் கனடாவின் மானிடோபாவில், அமெரிக்க எல்லைக்குச் சில மீட்டர் தூரத்தில், குஜராத்தைச் சேர்ந்த நான்கு பேர் குடும்பம் உறைந்து இறந்து கிடந்தது. அதில் இருவர் குழந்தைகள். அன்று விண்ட் சில் சுமார் மைனஸ் 35.

காட்டன் ஏன் கைவிடுகிறது?

நம்ம ஊர் வெயிலுக்குக் காட்டன் சுகம். காரணம், அது வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். குளிர் நாட்டில் அதுவே வினை. பனியில் வேகமாக நடந்தாலும் வியர்க்கும். ஈர பனியன் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும்.

என்ன போடணும்?

* உடம்பை ஒட்டி பாலியஸ்டர் அல்லது மெரினோ கம்பளி தெர்மல்
* அதன் மேல் கம்பளி ஸ்வெட்டர்
* வெளியே காற்று புகாத ஜாக்கெட்
* காது மூடும் தொப்பி, விரல் பிரியாத கையுறை

விரல், மூக்கு, காது வெளுத்து மரத்துப்போனால் தேய்க்கக் கூடாது. உள்ளே போய் வெதுவெதுப்பான தண்ணீரில் வைக்கணும். நடுக்கத்தோடு பேச்சு குழறினால் உடனே 911-க்கு அழைக்கணும்.

அப்போ பனியன்? தாராளமாக எடுத்துப் போகலாம். ஹீட்டர் ஓடும் வீட்டுக்குள் அதுதான் வசதி. வாசலைத் தாண்டும்போது மட்டும் மாற்றிக்கொண்டால் போதும்.