100 வெள்ளிப் பங்கும் தன்மதிப்பும்

மலேசியாவில் ஈப்போவின் அடுக்குமாடிகளிலும் சுங்கை சிப்புட்டின் தாமான் குடியிருப்புகளிலும் இன்று குடியிருக்கும் தமிழர்களில் பலர் ரப்பர் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள், அல்லது அப்படி வந்தவர்களின் பிள்ளைகள். மேல்படிப்பு, பதவி உயர்வு, வங்கிக் கடன் என்று எதைப் பேசினாலும் ‘அதெல்லாம் நமக்கு எதுக்கு’ என்று ஒதுங்குவது இவர்களிடையே கேட்டுப் பழகிய பேச்சு. தாழ்வு மனப்பான்மை நம் பிறவிக் குணம் என்று சொல்லிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. இது பழக்கப்படுத்தப்பட்ட ஒதுக்கம். தோட்டத்தில் விடியுமுன் பிரட்டு என்ற ஆள் கணக்கெடுப்புக்கு வந்து நிற்க வேண்டியிருந்தது. மேலாளரான துரைக்குக் கீழே எழுத்தரான கிராணி, அவருக்குக் கீழே மேற்பார்வையிடும் கங்காணி, எல்லாருக்கும் கீழே பால் வெட்டுகிறவர். லயத்து வீடு தோட்ட நிர்வாகத்துடையது. வேலை போனால் வீடும் போகும். அப்படிப்பட்ட இடத்தில் வாயைத் திறக்காமல் இருந்ததுதான் விவேகம். தோட்டம் போன பிறகும் அந்தப் பழக்கம் மட்டும் பிள்ளைகளிடம் தங்கிவிட்டது.

பால் வெட்டையே எடுத்துக்கொள்வோம். உளியால் பட்டையை மெல்லிய சீவலாக எடுக்க வேண்டும். ஆழம் போதாவிட்டால் பால் குறையும். கொஞ்சம் அழுத்திவிட்டால் உள்ளே மரம் காயப்பட்டு, புதிதாக வளரும் பட்டை முடிச்சு முடிச்சாகிவிடும். வெயில் ஏறினால் பால் வடிவது குறைந்துவிடும் என்பதால், இருட்டிலேயே தொடங்கி நூற்றுக்கணக்கான மரங்களை முடித்தாக வேண்டும். இவ்வளவு கைத்திறன் உள்ளவர்களைத் தோட்டக் கணக்குப் புத்தகம் கூலி என்றே எழுதியது. ‘எங்களுக்கு என்ன தெரியும்’ என்று அவர்களும் சொல்லத் தொடங்கினார்கள். மேலே இருப்பவர் வைத்த மதிப்பு எப்படி உள்ளே இறங்குகிறது என்பதற்குச் சான்று உண்டு. உத்தரப் பிரதேசக் கிராமத்துச் சிறுவர்களிடம் கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே இருவரும் செய்த ஆய்வு 2004இல் வெளிவந்தது. சாதியைச் சொல்லாமல் புதிர் கொடுத்தபோது, ஒடுக்கப்பட்ட சாதிச் சிறுவர்கள் மற்றவர்களுக்கு ஏறக்குறைய இணையாக விடுவித்தார்கள். எல்லார் முன்னிலையிலும் சாதியைச் சொல்லிவிட்டுக் கொடுத்த குழுவில் அவர்கள் பின்தங்கினார்கள்.

அப்படியானால் நல்ல வார்த்தை சொல்லித் தேற்றினால் போதாதா? போதாது என்றுதான் தெரிகிறது. தன்மதிப்பு குறைந்தவர்கள் தம்மைத் தாமே புகழும் வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னபோது அவர்கள் மனம் மேலும் சோர்ந்ததைக் கனடாவில் ஜோஆன் வுட் குழுவினர் 2009இல் காட்டினார்கள். ‘என்னால் முடியும்’ என்ற நம்பிக்கைக்கு முதல் ஊற்று, தானே ஒன்றைச் செய்து முடித்த அனுபவம் என்று உளவியலாளர் ஆல்பர்ட் பண்டுரா 1977இலேயே எழுதினார். அதற்கு நம் வரலாற்றிலேயே பெரிய எடுத்துக்காட்டு இருக்கிறது. 1950களில் தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டு, மக்கள் வேலையும் வீடும் இழந்தார்கள். சுங்கை சிப்புட்டில் பிறந்து அமைச்சராக இருந்த வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். 100 வெள்ளிப் பங்கை மாதம் 10 வெள்ளியாகக் கட்டலாம் என்றிருந்தது. நாள்கூலிக் குடும்பத்துக்கு அது வயிற்றைக் கட்டிச் சேர்க்க வேண்டிய பணம். அப்படிச் சேர்ந்த பணத்தில் 1961இல் கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கியது. காசைக் கையாளத் தெரியாதவர்கள் என்று பெயர் வாங்கியவர்கள் ஒரு தோட்டத்துக்கே பங்குதாரர்கள் ஆனார்கள்.

பங்கு வாங்கியவரும் மறுநாள் உளியோடு மர நிரைக்குத்தானே போனார் என்று கேட்கலாம். உண்மைதான், எல்லாத் தோட்டங்களையும் சங்கத்தால் காப்பாற்றவும் முடியவில்லை. ஆனால் கணக்கைக் கேட்கும் உரிமை அவருக்கு வந்தது. பிரட்டில் அது கிடைத்ததே இல்லை. கூலியும் நிலமும்தான் பிரச்சினை, தன்மதிப்பைப் பேசுவது பழியை ஏழையின் மனத்தின்மேல் போடுவதாகும் என்பது இன்னும் வலுவான எதிர்வாதம். அதன் நியாயத்தை மதித்தே கூட்டுறவைச் சொல்கிறேன். அங்கே சேமிப்பும் தன்மதிப்பும் சேர்ந்தே வளர்ந்தன.

நம் பள்ளிகளில் தன்முனைப்பு முகாம் நடத்துகிறோம். அந்த உழைப்பில் ஒரு பகுதியை மாணவர் கூட்டுறவுக் கடைக்குத் திருப்பலாம். கொள்முதல், கல்லா, மாதக் கணக்கு எல்லாவற்றையும் பிள்ளைகளே பார்க்கட்டும். கணக்கு உதைத்தால் எங்கே பிசகியது என்று அவர்களே தேடட்டும். ஆசிரியர் அவசரப்பட்டுத் திருத்திக் கொடுக்க வேண்டாம்.