பிழை காணும் கருவிகள்

ஒருவர் எழுதிய மடலில் எழுத்துப்பிழை இருப்பின், படிப்பவர் அதனைத் தாமே திருத்திப் பொருள் கொள்வர். கணிப்பொறி அவ்வாறு செய்வதில்லை. தனக்கு இடப்பட்ட ஆணைகளை எழுதியவாறே நிறைவேற்றுவது அதன் இயல்பு. அவ்வாணைகளின் தொகுதியை நிரல் என்பர். நிரலில் புகும் சிறு பிழையும் பெருங்கேட்டை விளைவித்தல் கூடும். 1996ஆம் ஆண்டு ஜூன் 4ஆம் நாள், ஐரோப்பிய நாடுகள் கூடிச் செய்த ஏரியேன் 5 என்னும் ஏவூர்தி, தன் முதற் பயணத்திலேயே, புறப்பட்ட ஏறத்தாழ 40 விநாடிகளில் வானில் சிதறி அழிந்தது. சிறிய எண்ணுக்கென ஒதுக்கிய இடத்தில் பெரிய எண்ணொன்றை நிரல் அடைக்க முற்பட்டதே அவ்வழிவிற்குத் தோற்றுவாய் ஆயிற்று.

இத்தகைய பிழையை ஆங்கிலத்தில் 'பக்' என்பர். பூச்சி என்பது அச்சொல்லின் பொருள். பொறிகளின் கோளாறை இப்பெயரால் குறிக்கும் வழக்கு எடிசன் காலத்திலேயே இருந்தது. 1947ஆம் ஆண்டு செப்டம்பர் 9ஆம் நாள், அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் மார்க் 2 என்னும் கணிப்பொறியை ஆராய்ந்தோர், அதன் மின்விசை ஒன்றில் மெய்யாகவே ஓர் அந்துப்பூச்சி சிக்கியிருக்கக் கண்டனர். அதனை எடுத்துப் பணியேட்டில் ஒட்டி வைத்தனர். அப்பூச்சி கண்ணுக்குப் புலனாயிற்று. நிரற்பிழையோ, விநாடிக்குப் பல கோடி ஆணைகள் ஓடும் ஓட்டத்தினுள் மறைந்து கிடப்பது. அதனைக் காணத் தனிக் கருவி வேண்டும்.

அத்தகைய கருவிகளுள் ஒன்று ஜி.டி.பி. என்பது. ரிச்சர்டு ஸ்டால்மன் என்பார் 1986ஆம் ஆண்டில் இதனை ஆக்கினார். நிரலின் ஓட்டத்தை வேண்டிய வரியில் நிறுத்தவும், பின்னர் ஒவ்வோர் அடியாக நடத்தவும், அவ்வப்போது நினைவகத்திலுள்ள எண்களைப் பார்க்கவும் இஃது உதவும். ஒரு மாணவன் ஐந்து பாடங்களில் 70, 65, 80, 55, 90 எனப் பெற்ற மதிப்பெண்களின் சராசரி 72 ஆகும். நிரல் 58 என விடை தருகிறது எனக் கொள்வோம். முதற் கூட்டலுக்குப் பின் ஓட்டத்தை நிறுத்திப் பார்த்தால், 70 இருக்க வேண்டிய இடத்தில் 65 இருக்கும். முதல் மதிப்பெண்ணை விட்டுவிட்டு இரண்டாவதிலிருந்து நிரல் கூட்டத் தொடங்கிய குற்றம் உடனே வெளிப்பட்டு விடும்.

திரையில் அசையும் படங்களை ஆக்கும் வரைகலை நிரல்களில் பிழை காண்பது இதனினும் அரிது. கணிப்பொறி விளையாட்டுகளில் விநாடிக்கு 60 படங்கள் தோன்றி மறைவதுண்டு. ஒரு படத்தை வரையவே பல நூறு ஆணைகள் வேண்டும். எண்ணற்ற புள்ளிகளின் நிறங்கள் ஒரே வேளையில் கணிக்கப்படும். இத்துறைக்குப் பயன்படும் கருவி ரெண்டர்டாக் என்பது. பால்டர் கார்ல்சன் என்பார் ஆக்கிய இக்கருவி, ஒரு படத்துக்குரிய ஆணைகள் அனைத்தையும் பதிவு செய்துகொண்டு, அவற்றை முதலிலிருந்து ஒவ்வொன்றாக மீண்டும் நடத்திக் காட்டும். தேர் ஒன்றின் சக்கரம் திரையில் தோன்றவில்லை எனின், அவ்விடத்துப் புள்ளி ஒன்றின் வரலாற்றை அது கூறும். சக்கரத்தின் நிறம் முன்னரே தீட்டப்பட்டதும், பின்னர் வரைந்த தரையின் நிறம் அதனை மூடியதும் தெரியவரும்.

இவ்விரு கருவிகளும் திறந்த மூலக் கருவிகள் ஆகும். அஃதாவது, இவற்றின் நிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கும் வழங்கலாம். பிழை காணும் கருவியிலும் பிழை இருத்தல் கூடுமன்றோ? அதன் உள்ளமைப்பு மறைக்கப்படின், ஆக்கியவரே அதனைத் திருத்த இயலும். திறந்திருப்பின், உலகின் எம்மூலையில் உள்ளவரும் குறையைக் கண்டு நீக்கலாம். ஸ்டால்மன் 1983ஆம் ஆண்டில் அறிவித்த குனு திட்டம் இந்நோக்கம் உடையதே. ரெண்டர்டாக்கின் மூலநிரலும் 2014ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. பெருநிறுவனத்துப் பொறியாளர் கையாளும் கருவியையே சிற்றூர் மாணவனும் விலையின்றிப் பெற்றுப் பயிலலாம்.

எனினும், கருவி தானாகப் பிழையைத் திருத்துவதில்லை. எவ்விடத்தில் நிறுத்துவது, எதனை நோக்குவது என்பன மனிதன் அறிவுக்கு உரியன. பிழை நேர்தல் எவர்க்கும் இயல்பு. அதனை மறையாது வெளிப்படுத்தி, பொறுமையுடன் ஆராய்ந்து, பிறர்க்கும் பயன்படுமாறு திருத்துதலே அறிவுடையோர் செயலாகும்.